பதினான்காம் அறையின் அலமாரிக் கதவு

கல்லூரி விடுதியை இடிப்பதற்கு முன் அதன் வரலாற்றை மலராகப் போட்டார்கள். முதலில் தானியக் கிடங்கு, பிறகு போரில் காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி, அப்புறம் பெண்கள் விடுதி என்று இருந்தது. முப்பது வருஷம் அங்கே பெருக்கித் துடைத்த என் அம்மா அதில் இல்லை. அக்காவும் இல்லை.

அக்கா பதினான்காம் அறையில் தங்கிப் படித்தாள். அறையைக் காலி செய்கிறவர்கள் அலமாரிக் கதவின் உள்பக்கம் பெயர் எழுதிவிட்டுப் போவது வழக்கம். இரண்டாம் வருஷம் பாதியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கிளம்பும்போது எல்லாப் பெயர்களுக்கும் கீழே தன் பெயரை எழுதி, "அம்மா, கடைசியில இருக்கிறது நான்" என்று காட்டினாளாம். பத்தே நாளில் போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, விடுதிச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்க வந்தேன். அக்கா இருந்த மாடிக்கு மட்டும் ஏற மாட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் வார்டன் பெயர்களையெல்லாம் உப்புத்தாள் போட்டு அழிக்கச் சொன்னார்; இனி யாரும் எழுதக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். அம்மா அழித்தாள். பதினான்காம் அறையில் கடைசிப் பெயரை மட்டும் விட்டுவைத்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

நேற்று தச்சர் கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கதவை எனக்குக் குடுங்க" என்றாள் அம்மா.

"அலமாரி இல்லாம கதவை மட்டும் வச்சு என்னம்மா பண்ணப்போறே?"

"நீங்க குடுங்க. அலமாரி தானா நடந்து வரும்."

சிரித்துக்கொண்டே கழற்றிக் கீழே கொண்டுவந்து கொடுத்தார். அம்மா முந்தானையால் துடைத்தாள்.

"படிடி. ஏழு வருஷமா தொட்டுத்தான் பாத்திருக்கேன். காதால கேக்கணும்."

பார்த்தேன். அது அக்காவின் பெயர் இல்லை, கையெழுத்தும் அவளுடையது இல்லை. அக்கா போன பிறகு அந்தக் கட்டிலுக்கு வந்தவள், பரீட்சை முடிந்து கிளம்பும்போது அக்காவுக்குக் கீழே எழுதியிருக்கிறாள். அதற்கு மேலே மரம் வெளுத்து வழவழவென்று இருந்தது. அம்மா எதையும் அரைகுறையாகத் தேய்க்க மாட்டாள்.

"என்னடி, எழுத்து மறந்துபோச்சா?"

அக்கா பெயரைச் சொன்னேன்.

"சத்தமா சொல்லேன். வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

சத்தமாகச் சொன்னேன். தச்சர் திரும்பிப் பார்த்தார். அம்மா அந்தப் பெயரை மெதுவாகத் தடவினாள்.

ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

"எழுத்து உன் பக்கம் இருக்கட்டும்" என்றாள் அம்மா. "எங்கேயும் உரசாம பாத்துக்க."