பதினேழாவது மாடிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

பாங்காக்கில் பதினேழாவது மாடியில் முப்பத்தெட்டு சதுர மீட்டர் வீடு ஒன்றுக்கு நான் முன்பணம் கட்டியது 2024 ஜூலை 22ஆம் தேதி. ஒரு கட்டடத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பைத்தான் வெளிநாட்டார் பெயரில் எழுதலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். நான் பார்த்த கட்டடத்தில் அந்தப் பங்கில் மிச்சமிருந்தது இந்த ஒரு வீடுதான். ஆகஸ்ட் முப்பதுக்குள் பதிவை முடிக்காவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் கொரியாக்காரருக்குப் போய்விடும்.

அங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவி செல்வராணியும் மகள் ரம்யாவும் தூத்துக்குடிப் பக்கம் ஆத்தூரில். நாங்கள் மூவரும் சேர்ந்திருப்பது வருடத்துக்கு ஒரு மாதம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் ஏறியபோது இருவரும் இரண்டு நாள் பரணில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள்தான் எனக்குப் போன் கிடைத்தது. ரம்யா கல்லூரி விடுதிக்குப் போனதும், "நீ இங்க வந்திரு" என்றேன்.

"வாரேன். ஆனா வாடகை வீட்டுக்கு வரமாட்டேன். வாங்குத வீட்டுல எம்பேரும் இருக்கணும். தண்ணியில நின்னவ நாந்தான்" என்றாள் செல்வராணி.

நியாயம்தானே. இரண்டு பெயரிலும் எழுதச் சொன்னேன். பாங்காக் வக்கீல் திருமணப் பதிவுச் சான்றிதழ் கேட்டார். செல்வராணி அங்கே தங்குவதற்கான விசாவுக்கும் அதுவே வேண்டுமாம். எங்கள் கல்யாணம் 2005 ஆவணியில், பெண்வீட்டுப் பந்தலில் நடந்தது. ஊரே வந்து சாப்பிட்டுப் போன கல்யாணத்துக்குப் பதிவு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

இரண்டு வார லீவில் ஆகஸ்ட் எட்டாம் தேதி ஊர் வந்து, மறுநாளே சார்பதிவாளர் அலுவலகம் போனோம். அங்கே இருந்த அம்மா விவரமாகக் கேட்டார்.

"கோயில் ரசீது இருக்கா சார்?"

"வீட்டுல நடந்த கல்யாணம்மா."

"அப்போ பத்திரிகை?"

"அது, ஆல்பம் எல்லாமே வெள்ளத்தோட போச்சு."

"இங்க வாரவங்கள்ல பாதிப் பேரு அதத்தான் சொல்லுதாங்க. யார் வீட்டுலயாவது ஒண்ணு இருக்கும் சார், தேடுங்க. கொண்டாந்தா நான் நிறுத்தி வைக்க மாட்டேன்."

கல்யாணத்துக்கு வந்தவர்களில் நினைவில் இருந்த நாற்பத்தொரு வீடுகளைப் பட்டியல் போட்டேன். ஒரே சாலையில் இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்தேன். செல்வராணியின் தாய்மாமா வெள்ளத்துரை வெற்றிலை வியாபாரி. பைக்கைக் கொடுத்ததோடு பின்னால் அவரும் ஏறிக்கொண்டார்.

"ஏ மாப்ளே, பத்தொம்பது வருசம் கழிச்சு நீ தாலி கெட்டினியா இல்லியான்னு கெவர்மெண்டுக்குச் சந்தேகம் வந்துட்டாக்கும்?"

எங்கே போனாலும் பதில் ஒன்றுதான்: வெள்ளத்தோட போச்சு. சீனித்தாய் அத்தை மட்டும் உள்ளே போய் ஒரு சின்னத் துண்டை எடுத்து வந்தார். "பத்திரிகையில இருந்த பிள்ளையார வெட்டி சாமிப் படத்துல ஒட்டியிருந்தேன்யா. பிள்ளையார் மட்டும் தப்பிச்சிட்டாரு. வேணுமா?" தூத்துக்குடியில் காசிலிங்கம் அண்ணாச்சி கடையில் நின்றபடியே சொன்னார்: "பத்திரிகை இல்லலே. ஆனா ஒங்க பந்தியில பாயாசம் பத்தல, அது நல்லா ஞாபகம் இருக்கு. சாட்சி கையெழுத்து வேணும்னா எப்பக் கூப்பிட்டாலும் வாரேன்." அப்படிச் சொல்லாத வீடே இல்லை. அந்த வார்த்தைகளுக்கு நான் இன்றும் கடன்பட்டவன். ஆனால் பத்திரிகை கிடைக்கவில்லை.

எட்டு நாளில் முப்பத்தாறு வீடுகள் முடிந்தன. பட்டியலைப் பார்த்துக்கொண்டே செல்வராணி கேட்டாள்:

"வந்தவங்க வீட்டுலயே தேடுதிய. வராதவங்க வீட்டுல தேடினியளா?"

"வராதவன் எதுக்கு வச்சிருக்கப் போறான்?"

"வந்தவங்களுக்குச் சாப்பிட்டதோட சோலி முடிஞ்சிட்டு. வர முடியாதவங்களுக்குத்தான் மனசுல கெடக்கும். கிளாட்வின் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. அவங்களுக்கு மாடி வீடு."

புன்னைக்காயல் கிளாட்வினும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. முதல் பத்திரிகையை அவன் கையில்தான் கொடுத்தேன். அவன் வரவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு லீவிலும் புன்னைக்காயல் விலக்கு வரும்போது பைக்கைத் திருப்பாமல் நேரே போய்விடுவேன். பத்தொன்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்துப் போனேன். வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"ஏலே... நீயா? ஏளா ஈவா, யாரு வந்திருக்கான்னு வந்து பாரு!"

என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "ஒரு கல்யாணப் பத்திரிகை வேணும்லே."

"யாரு கல்யாணம்?"

"எங் கல்யாணந்தான்."

அவன் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தான். வண்ணத்தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம். தாள் வெளுத்திருந்தது. மேலே கட்டிய ரிப்பனுக்குள் எங்கள் பத்திரிகை, உறையோடு.

"அன்னைக்குக் காலையில இதக் கையில எடுத்துட்டுக் கெளம்பி நிக்கேன். இவளுக்கு வலி வந்துட்டு. தூத்துக்குடிக்குக் கொண்டு போனோம். பிள்ளை தங்கல. புதுமாப்ள வீட்டுல வந்து இதச் சொல்லவான்னு இருந்துட்டேன். நாளாக ஆகக் காலே வரலடா."

அவன் மனைவி ஈவாஞ்சலின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "வெள்ளத்தன்னைக்கு எத மேல ஏத்த, எத விடன்னு தெரியல. 'அத மொதல்ல ஏத்து, அவன்கிட்ட குடுக்க வேண்டியது'ன்னாங்க அண்ணே."

பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈவாஞ்சலின் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அந்த அம்மா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே சார்" என்றார். வெள்ளத்துரை மாமாவும் காசிலிங்கம் அண்ணாச்சியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளைச் சட்டையில் கிளாட்வின், பட்டுச் சேலையில் ஈவாஞ்சலின்.

"நீங்களும் சாட்சியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லம்மா" என்றான் கிளாட்வின். "நாங்க கல்யாணத்துக்கு வந்திருக்கோம்."

சொன்னபடியே அன்றைக்கே சான்றிதழ் கிடைத்தது. மொழிபெயர்ப்பு, முத்திரை எல்லாம் முடித்து ஆகஸ்ட் 29ஆம் தேதி பாங்காக் நிலப்பதிவு அலுவலகத்தில் நானும் செல்வராணியும் கையெழுத்திட்டோம். பத்திரம் முழுக்கத் தாய்லாந்து எழுத்து. அங்கே பதினாறு வருடம் இருந்தும் எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"இதுல எது நான்?" என்று கேட்டாள் செல்வராணி.

வக்கீல் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அவளும் அந்த இடத்தில் விரலை வைத்து, எடுக்காமல் நின்றாள். பிறகு அதைப் போட்டோ எடுத்து முதலில் கிளாட்வினுக்கு அனுப்பச் சொன்னாள்.

உடனே பதில் வந்தது. "கோழி கிண்டுன மாதிரி இருக்குலே. தங்கச்சி பேரு இருக்கா, அத மட்டும் சொல்லு."

இருக்கிறது என்று எழுதினேன்.