வராத காமாலை

காலை பத்து மணிக்கு ஆபீஸ் பூட்டைத் திறக்கப் போனபோது அந்த அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "என் பேப்பர் என்ன ஆச்சு மேடம்? கூப்பிடறேன்னு சொன்னீங்க, கூப்பிடவே இல்லையே" என்றார். கோபமெல்லாம் இல்லை. தைக்கக் கொடுத்த துணியைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்கு முகம் உடனே ஞாபகம் வந்தது. பேப்பர் எதுவென்று ஞாபகம் வரவில்லை. அது வந்ததும் பூட்டைத் திறந்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

எங்களுடையது சின்ன ஆபீஸ். மருந்துக்கடை மாடியில் மூன்று அறை, ஒரு ஓட்டை ஏசி, சீனியர் வக்கீலான பெரியவர், பதினோரு வருஷமாக அவருக்கு ஜூனியராகவே இருக்கும் நான், எங்கள் இரண்டு பேரையும் மேய்க்கும் குமாஸ்தா அண்ணன். அவ்வளவுதான். ஆனால் பெரியவருக்கு ஊரில் இல்லாத பதவி கிடையாது. நூலகக் கமிட்டியில் அவர்தான் தலைவர், ரத்ததான முகாமில் அவர்தான் முதல் ஆளாகப் படுத்துக் கையை நீட்டுவார், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் அவர் கையால்தான் கோப்பை. மரம் நடுவார். நட்ட மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டால் முறைப்பார். மாதம் இரண்டு சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் இலவசச் சட்ட உதவி முகாம் உண்டு. வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது, மனுவை வாங்கும்போது போட்டோ எடுப்பது, அதை எங்கள் இணையப் பக்கத்தில் 'சமூகப் பணி' என்ற தலைப்பில் ஏற்றுவது எல்லாம் என் தலையில். இத்தனைக்கும் முதல் இரண்டு வருஷம் நான் அதை மனசார நம்பித்தான் செய்தேன். நாலு பேருக்கு நல்லது நடக்கிறதே என்று சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்புவேன். என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது.

அந்த அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. புருஷன் செத்து நாலு வருஷம் ஆகிறது. அவர் கட்டிய வீட்டின் கீழ்ப்பகுதியில் இவர் இருக்கிறார், மாடியில் கொழுந்தன். வீடு முழுவதும் தனக்குத்தான் என்று கொழுந்தன் வழக்குப் போட்டிருக்கிறான். கோர்ட் நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இவர் வேலையிலிருந்து வருவதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்து அதைக் கிழித்துப்போட எவ்வளவு நேரமாகும்? விசாரணைக்கு இவர் வரவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பு ஆகிவிட்டது. அப்படி ஆனால் முப்பது நாளுக்குள் மனுப் போட்டு, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, என்னையும் கேளுங்கள் என்று வழக்கைத் திரும்பத் திறக்கலாம். இவர் எங்கள் முகாமுக்கு வந்தது பன்னிரண்டாம் நாள். கையில் முழுசாகப் பதினெட்டு நாள் இருந்தது. பெரியவர் பேப்பரை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமில்லம்மா, ரெண்டு பக்கம் மனு. நிம்மதியாப் போய்த் தூங்குங்க" என்றார். அந்த அக்கா நிம்மதியாகத்தான் போனார்.

ஆபீஸில் ஒரு சிவப்பு டயரி உண்டு. எந்த வழக்குக்கு எந்தத் தேதி கெடு என்று குமாஸ்தா அண்ணன் எழுதி வைப்பார். அதில் இல்லாதது எங்கள் உலகத்திலேயே இல்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு ஃபைல் நம்பர் விழுந்தால்தான் டயரியில் ஏறும். முகாம் பேப்பர்களுக்கு ஏது நம்பர்? அவை ஒரு துணிப்பையில் போகும். அந்தப் பையை யார் பிரிப்பது என்று பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் முடிவு செய்யவில்லை. நான் பிரிப்பேன் என்று பெரியவர் நினைத்தார், அண்ணன் பிரிப்பார் என்று நான் நினைத்தேன். அண்ணனோ அது நூலகத்துச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை அந்த அக்கா வந்து கேட்டபோது, "முகாம் விஷயமா? சனிக்கிழமை அங்க வந்து கேளுங்க" என்று அண்ணன்தான் வாசலோடு அனுப்பியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமை முகாம் இல்லை. மரம் நடும் விழா.

பையை மேஜையில் கொட்டித் தேடி எடுத்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழாம் நாள்.

பெரியவர் பதறவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "காமாலை போட்டுடும்மா" என்றார்.

வெளியே இருக்கிறவர்களுக்கு இது புரியாது. கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, கூடவே தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லிச் சத்தியம் செய்யும் ஒரு பிரமாணப் பத்திரம். அந்தக் காரணம் எப்போதும் மஞ்சள் காமாலைதான். எங்கள் கோர்ட்டில் தாமதமாக வந்த எவனுக்கும் காய்ச்சல் வந்ததில்லை, கால் உடைந்ததில்லை. காமாலை என்றால் ஒரு மாதம் படுக்கை, அதில் சாகவும் மாட்டார்கள். எழுதுகிறவருக்கும் தெரியும், எதிர்த்தரப்புக்கும் தெரியும், ஜட்ஜுக்கும் தெரியும். ரத்ததான முகாமில் பெரியவர் பக்கத்தில் நின்று சிரிக்கும் டாக்டரே சர்ட்டிபிகேட்டும் தந்துவிடுவார். எல்லோருக்கும் தெரிந்த பொய் என்பதால் அதைப் பொய் என்றே நாங்கள் நினைப்பதில்லை.

அந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியாது. நான் எழுதியதைப் படித்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"எனக்கு எப்போ மேடம் காமாலை வந்துச்சு?"

"வரலக்கா. சும்மா எழுதறதுதான்."

"நான் புள்ளைங்களுக்குச் சமைக்கிறவ. ஸ்கூல்ல தெரிஞ்சா கரண்டியத் தொட விடுவாங்களா?"

"கோர்ட்டு பேப்பரை யாருக்கா ஸ்கூல்ல போய்க் காட்டப் போறாங்க? அதுவுமில்லாம அது லீவு மாசம்."

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகு பெரியவரின் அறைப் பக்கம் திரும்பி, மெதுவாக, மரியாதை குறையாமல் கேட்டார். "நீங்க தொலைச்சுட்டீங்கன்னு எழுதக் கூடாதா சார்?"

பெரியவர் சிரித்தார். நூலகத்துக்கு வரும் குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. "அப்படி எழுதினா இந்த வக்கீலே சரியில்லன்னு ஜட்ஜ் நினைச்சுடுவாரும்மா. அப்புறம் உங்களுக்கு யார் பேசுறது?"

அது பச்சைப் பொய். வக்கீல் செய்த தப்புக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று எத்தனையோ தீர்ப்புகள் இருக்கின்றன. உண்மையை எழுதியிருந்தால் எங்களை நாலு வார்த்தை திட்டிவிட்டு மனுவை அனுமதித்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். பெரியவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் வாசல் போர்டில் அந்த வருஷம் என் பெயரையும் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார், பெயின்டரிடம் அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். அந்த அக்கா போட்டார்.

தீர்ப்பான நாலாம் நாளிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் வரை படுத்த படுக்கை, எழுந்து நடமாடக்கூட முடியவில்லை என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அதற்குள்தான் வருகிறது. அந்தச் சனிக்கிழமை அவரை நிற்க வைத்துப் போட்டோ எடுத்ததே நான்தான். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கக்கா" என்று சொல்லி எடுத்தேன். 'வீட்டை மீட்கப் போராடும் ஏழைத் தாயின் மனுவைப் பெறுகிறார்' என்று வாசகம் எழுதி, தேதி போட்டு, இணையத்தில் ஏற்றியதும் நானேதான். எழுதும்போது அது ஒரு துளிகூட நினைவுக்கு வரவில்லை. போட்டோ ஒரு வேலை, பத்திரம் இன்னொரு வேலை. இரண்டிலும் இருப்பது ஒரே மனுஷி என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கொழுந்தனுடைய வக்கீலுக்கு உறைத்தது. குறுக்கு விசாரணையில் சாவகாசமாக ஆரம்பித்தார். எந்த டாக்டர், என்ன மருந்து, யார் கஞ்சி வைத்துக் கொடுத்தது என்றெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இதுல இருக்கறது யாரும்மா?"

அந்த அக்கா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "நான்தான்."

"நல்லா நிக்கிறீங்களே. எந்திரிக்கவே முடியலன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க?"

தாள் ஜட்ஜிடம் போனது. போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். எங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான். தேதி இருந்தது. ஆனால் பெரியவர் இல்லை. அழகாக வெட்டியிருந்தார்கள். அந்த அக்காவின் முகம், நீட்டிய பேப்பர், அதை வாங்கும் ஒரு கை, அவ்வளவுதான். கொழுந்தனுடைய வக்கீலும் பெரியவரும் இருபது வருஷமாக ஒரே கேன்டீன் மேஜையில் டீ குடிக்கிறவர்கள். கட்சிக்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டுவோம், கருப்புக் கோட்டை மட்டும் தொடமாட்டோம். எங்கள் தர்மம் அது.

ஜட்ஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை யாரோடதும்மா?"

அந்த அக்கா எங்கள் மேஜையைப் பார்த்தார். பெரியவர் ஃபைலில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்து, ஐயா, அது எங்கள் சீனியரின் கை, இந்தப் பொய்யை எழுதியது என் கை என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியைக்கூடக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

"தெரியலைங்கய்யா" என்றார் அவர். "கூட்டத்துல யாரோ வாங்கினாங்க."

எங்களைக் காட்டிக்கொடுத்தால் தனக்காகப் பேச ஆளில்லாமல் போய்விடும் என்று நினைத்திருக்கிறார். பெரியவர் சொல்லிக்கொடுத்ததை நம்பித்தான் அப்படிச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. வெட்கத்துக்கு முன்னால் நிம்மதி வந்தது. அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மனுதாரர் சுத்தமான கரங்களோடு நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று எழுதி ஜட்ஜ் மனுவைத் தள்ளுபடி செய்தார். வராந்தாவில் பெரியவர், "கவலைப்படாதீங்க, மேல அப்பீல் போவோம்" என்றார். அந்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் சார். இருக்கறது போதும். எனக்கு இன்னொரு வியாதி வேணாம்." காரில் திரும்பும்போது பெரியவர், "பாவம், நல்ல பொம்பள" என்றார். அடுத்த சனிக்கிழமை முகாமுக்கு நாற்காலி சொல்லியாச்சா என்றும் அதே மூச்சில் கேட்டார். சொல்லியாச்சு சார் என்றேன்.

வீட்டைக் காலி செய்ய நாள் குறித்து, தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் அமீனா போனபோது நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த அக்கா திட்டுவார், தெரு கூடிப் பார்க்கும், வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் ராத்திரி தூக்கமாவது வரும் என்று ஒரு கேவலமான கணக்கு இருந்திருக்கலாம். திட்டவில்லை. பாத்திரமெல்லாம் ஏற்கனவே வாசலுக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்து, "வந்தீங்களா" என்றார். "அந்தப் பக்கம் புடிங்க மேடம், ஒத்தையா முடியல."

உள்ளறையில் ஒரு மரக்கட்டில். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் நான் பிடித்தேன். அவர் கால்மாட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். பாதி போனதும் கட்டில் வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தோம், தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. "கதவு வைக்கறதுக்கு முன்னாடி உள்ள வந்த கட்டில் இது" என்றார் மூச்சு வாங்க. "அவருதான் கொண்டாந்து போட்டாரு." அமீனா கையில் பூட்டோடு நின்று மணியைப் பார்த்தார். "அறுத்துட்டா என்னம்மா?" என்றார். அந்த அக்கா கால்மாட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மேலே மாடி ஜன்னல் திறந்து மூடும் சத்தம் கேட்டது, கொழுந்தன் பெண்டாட்டியாக இருக்கும். எனக்குக் கட்டை விரலில் மரச்சிலாம்பு ஏறியிருந்தது. வெளியே போக வேண்டுமென்றால் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும்.

"விட்டுடாதீங்க மேடம்" என்றார் அவர் தெருவிலிருந்து. "நீங்க விட்டா என் கால் மேலதான் விழும்."

நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.