மாமாவின் இரண்டாவது பம்ப்

இது மழைக்காலத்தில் நடந்ததாக எனக்கு ஞாபகம். அக்கா இல்லை என்கிறாள். அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

அக்காவின் கணவர், என் மாமா, மண் தோண்டும் இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் வேலை பார்ப்பவர். நான் அவர் பட்டறையில் மெக்கானிக். சர்க்கரை நோயால் படுக்கையில் ஆண்மை அவரைக் கைவிட்டபோது, ஆணுறுப்புக்குள் இரண்டு குழல்களும் விதைப்பையில் ஒரு சின்னப் பம்பும் வைத்தார்கள். அமுக்கினால் உப்புநீர் ஏறி எழும்பும். மூன்றாம் வருடம் அது கசிந்து படுத்துவிட்டது. அறுத்துப் புதிது வைத்தார்கள்.

“ரெண்டாவது தடவைங்கறதால கிருமி சேர வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் கை வைக்காதீங்க. வலி, சிவப்பு, காய்ச்சல்னா உடனே வாங்க,” என்றார் டாக்டர்.

மூன்றாவது வாரத்திலேயே மாமா தினம் பத்துத் தடவை அமுக்க ஆரம்பித்துவிட்டார். புதிதாகப் பூட்டிய எதிலும் காற்றை வெளியேற்ற வேண்டுமாம்.

“அது புல்டோசர் இல்ல மாமா.”

“ரெண்டும் ஒண்ணுதான்டா மாப்ள. டாக்டருக்கு ஒடம்பு தெரியும். பம்ப் எனக்குத்தான் தெரியும்.”

சில நாட்களில் கால்களை அகட்டி நடந்தார். கேட்டால், “சீல் உக்காருது, புது வாஷர் படியற மாதிரி” என்றார்.

கசிவைக் கண்டுபிடிக்க இயந்திரத்துக்கு அடியில் வெள்ளைத்தாள் விரிப்பது எங்கள் வழக்கம். மாமா ஜட்டிக்குள் விரித்திருக்கிறார். கழிப்பறையிலிருந்து தாளோடு வந்தார்.

“லேசா லீக். உப்புத்தண்ணிதான், பாரு.”

பார்த்தேன். தாளை மூக்கருகே கொண்டுபோனேன்.

“உப்புத்தண்ணி மஞ்சளா இருக்காது மாமா. நாறவும் நாறாது.”

அவர் முகம் தொங்கிப்போனது. “போனா கழட்டிருவாங்கடா. உள்ள தழும்பு கட்டிச் சுருங்கிட்டா மூணாவதுக்கு எடமே இருக்காது. ரெண்டு நாள் பாக்கறேன்.”

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வந்து நின்றாள்.

“ஏறுங்க வண்டியில.”

“அடியே, ஆளுங்க பாக்கறாங்க. மானம் போவுது.”

“அது போனாப் போவுது. நீங்களும் கூடவே போயிருவீங்களா? ஏறுங்க!”

பம்ப் தோலோடு ஒட்டிச் சீழ் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்து, உள்ளே கழுவி, இடம் சுருங்காமலிருக்க வளைக்கக்கூடிய கம்பிகளை அப்போதே வைத்தார்கள்.

மாமா கண் விழித்ததும், “வால்வு, ஹோஸ் ஒண்ணுமே இல்லயா? வெறும் கம்பியா?” என்றார். அவருடைய தொழிலையே அவமதித்த மாதிரி ஒரு குரல்.

“நோண்டறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் நிம்மதி,” என்றாள் அக்கா.

கிருமி மறுபடி வரவில்லை. கம்பி எப்போதும் விறைப்பாகவே இருப்பதால் மாமா தொளதொளத்த கால்சட்டையில் பட்டறைக்கு வருகிறார். அக்கா குறை எதுவும் சொன்னதில்லை. டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் அதே பட்டறையில்தான் இருக்கிறேன்.