குசினிக்கு ஒரு பல்ப்

நாட்டில் சண்டை தொடங்கிய வருடம் எங்கள் கிளிவெட்டி வீட்டில் கரண்ட் போனது. அதற்குப் பிறகு குசினியில் போத்தல் விளக்குத்தான். அதை அம்மா ஊதி அணைக்க வேண்டியதில்லை, அந்த வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். இரவில் அம்மா மணத்தை நம்பிச் சமைத்தார். நாங்கள் அம்மாவை நம்பிச் சாப்பிட்டோம்.

அப்பா சோலார் வாங்கப் புறப்பட்டபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"குசினிக்கு ஒரு பல்ப். சட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாமலே அகப்பையை விடுறன்."

"ஓம், ஓம்" என்றார் அப்பா. அவர் இரண்டு தரம் ஓம் சொன்னால் இல்லை என்று பொருள்.

திருகோணமலையில் ஸெய்னுதீன் நானாவின் கடையில் எங்கள் கைக்கு எட்டியது ஒரே அளவுச் சோலார் தகடுதான். அதில் நாலு பல்ப் எரிக்கலாம். இல்லாவிட்டால் ஒரு சின்ன ரீவியும் ஒரு பல்பும்.

"ஊட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் நானா.

பதில் சொன்னவர் எங்களோடு வந்திருந்த அம்மாவின் தம்பி தவராசா மாமா. "அக்காவுக்கு என்ன தெரியும்? கிரிக்கெட் மட்ச் வருது, அத்தான். நாலு பல்பைப் போட்டிட்டு ஆளையாள் பாத்துக்கொண்டே இருக்கிறது?"

அப்பா யோசித்தார். மாமா சொன்னதைத் திருப்பிச் சொல்லுமுன் அவர் எடுக்கும் மூச்சுக்கு யோசனை என்று பெயர். "ரீவிதான் புத்தி" என்றார்.

மூதூர் இறங்குதுறையில் ஆமிக்காரன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதன் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு எங்களைப் போகவிட்டான். தகட்டால் முதலில் பயனடைந்தவன் அவன்.

பல்பை விறாந்தையில், ரீவிக்கு மேலே மாட்டினார்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுப் போத்தல் விளக்கோடு உள்ளே போனார்.

அன்றிரவு வெளிச்சத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். கத்தரிக்காய்க் குழம்பு. மாமா வழக்கம்போலக் காம்பை எடுத்துச் சூப்பினார். வழக்கத்துக்கு மாறாக அதைப் பார்த்தார். காம்புக்கு நாலு கால் இருந்தது.

பல்லி எந்தப் பக்கம் சொன்னாலும் பலன் சொல்லக்கூடியவர் மாமா. வாய்க்குள் போய் வந்த பல்லிக்குப் பலன் சொல்லாமல் கிணற்றடிக்கு ஓடினார்.

"என்னக்கா இது?" என்றார் திரும்பி வந்து.

"நான் என்னத்தைக் கண்டன், தம்பி? நேற்றும் முந்தநாளும் நல்ல ருசி எண்டனீ."

நேற்றையும் முந்தநாளையும் நினைத்து நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். அப்பா மூச்செடுத்தார், எழுந்தார், பல்பை நூர்த்து இருட்டாக்கினார்.

"இப்ப சாப்பிடுங்கோ."

மறுநாள் பின்னேரம் மட்ச். பாதி ஊர் எங்கள் விறாந்தையில். பொழுதுபட்டதும் பல்பைப் போட்டார்கள். அம்மா உயிர் விராலும் சாம்பலும் கத்தியுமாக வந்து ரீவிக்கு முன்னால் குந்தினார். சாம்பலைத் தேய்த்து, மண்டையில் ஒரு போடு. பிறகு வயிற்றைக் கீறிக் குடலை உருவிக் கமுகம் பாளையில் போட்டார்.

"இஞ்சேர், இதென்ன வேலை? ஆக்கள் இருக்கினம்" என்றார் அப்பா.

"இருக்கட்டும். இஞ்சதானே வெளிச்சம் இருக்கு."

வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஒருவரும் எழும்பவில்லை, அம்மாவின் தலையைச் சுற்றி எட்டிப் பார்த்தார்கள். விராலின் செதில் ஒன்று பறந்து மாமாவின் புதுச் சாரத்தில் ஒட்டியது.

"நாளைக்குக் கணவாய்" என்றார் அம்மா. "மை கொஞ்சம் தெறிக்கும்."

அப்பா இந்தத் தடவை மூச்செடுக்கவில்லை. "தவராசா, வயரைக் கழட்டு."

பல்ப் குசினிக்குப் போனது. அம்மா இப்போது சட்டிக்குள் பார்த்துச் சமைக்கிறார். நாங்கள் விறாந்தையில் ரீவி வெளிச்சத்தில் சாப்பிடுகிறோம். மட்ச் நேரம் கோப்பை மங்கல், விளம்பரம் வந்தால் பளிச்சென்று தெரியும். அம்மாவில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் விளம்பரம் வரும்வரை நான் வாயில் ஒன்றும் வைப்பதில்லை.