மயிலிட்டிக் கடல் நனைக்காத காலம்

மயிலிட்டிக் கடல் ஆட்களை நனைப்பதை நிறுத்தியது ஒரு வைகாசி மாதத்தில். அதற்கு முந்தின வருடம் கப்பலொன்று வயிறு கிழிந்து எண்ணெயைக் கக்கியதில் ஆமைகளும் மீன்களும் கும்பலாகச் செத்து ஒதுங்கின. பிறகு ஒரு கம்பனி வந்து நனோத் தூளைத் தூவியது. கண்ணுக்குத் தெரியாத பொடி; எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரை அண்டவிடாது. எண்ணெய் போனது. தூளைத் திரும்ப அள்ள ஒருவரும் வரவில்லை. அதன்பின் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களும் காய்ந்த சட்டையோடு கரையேறினார்கள். வலை உலர்த்தும் வேலை மிச்சம் என்று சிலர் சந்தோஷமும் பட்டார்கள்.

உதயகலாவுக்கு அந்தச் சந்தோஷம் மாமனார் முத்துக்குமாரு செத்ததோடு போயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று அவள் புருஷன் கேதீஸ்வரன் தகப்பனின் சாம்பலைக் கரைக்கப் போனான். சாம்பல் கரையாமல் தண்ணீரின்மேல் பாய் விரித்தாற்போல் கிடந்தது. அவன் முழுகி எழுந்தான். ஒரு மயிர் நனையவில்லை. நனையாத முழுக்கு முழுக்கில்லை, சாவுத் தீட்டாகிய துடக்குக் கழியாது, துடக்கோடு வள்ளம் இறக்கக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டார். சாம்பலை வழித்து மண்முட்டியில் போட்டுக்கொண்டு வந்தான். வள்ளம் மணலில் கிடந்தது. அடுப்பு இரண்டு நேரம் எரிந்தது, பிறகு ஒரு நேரம்.

"கிணத்திலை ரெண்டு வாளி அள்ளித் தலைக்கு வாத்து, சாம்பலையும் அங்கையே கரையுமன் தம்பி" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வநாயகி.

"கடலிலை சீவிச்ச மனிசனைக் கிணத்தடியிலையே கரைக்கிறது, அக்கா?" என்று அவன் சீறினான்.

உதயகலா அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஓர் அதிகாரியைக் கூட்டிவந்தாள்.

"தண்ணி நூற்றுக்கு நூறு சுத்தம் அம்மா. றிப்போட் இருக்கு."

"சுத்தமெண்டால் ஒருக்கா முழுகிக் காட்டுங்கோவன் சேர்."

அவர் சப்பாத்தோடு இறங்கி முழுகினார். எழுந்தபோது தலை வகிடுகூடக் கலையவில்லை. "எவ்வளவு வசதி! இதிலை உங்களுக்கு என்ன குறை?" என்றார்.

அந்த 'வசதி'யைக் கேட்ட உதயகலா, அவர் போனபின் கடலைப் பார்த்து ஏசினாள். "தலைக்கு எண்ணெய் வைச்சால் அரப்பு வைச்சு முழுக வேணுமெண்டு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். படிச்சதுகளுக்குத் தெரியேல்லை. ஆமையும் மீனுமா உன்ரை வீட்டிலை எத்தினை சாவு! ஆராவது உனக்குத் தலைக்கு வாத்தவையோ?"

வெள்ளிக்கிழமை விடிய, அரப்பும் எலுமிச்சம்பழமும் பெரிய கிடாரப் பாத்திரத்தில் அவித்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். "உவள் மீனுக்கும் பேன் பாக்கப்போறாள்" என்று சிரித்த செல்வநாயகி, சிரித்து முடித்து வீட்டுக்குப் போய்த் தானும் ஒரு பானை அவித்துத் தூக்கிவந்தாள். இருவரும் ஊற்றி, கையால் தேய்த்தார்கள். கடல் சாம்பல்நிறமாய் நுரைத்தது. பிறகு ஒரு வள்ளத்தின் அகலத்துக்குத் தண்ணீர் கறுத்து, உதயகலாவின் சீலையை முழங்கால்வரை நனைத்தது. முத்துக்குமாருவின் சாம்பல் அதில் ஒரு நொடியில் கரைந்து போனது. கேதீஸ்வரன் முழுகி, தண்ணீர் வடிய, பல் கிடுகிடுக்க எழுந்தான். துடக்குக் கழிந்தது என்றார் ஐயர். மறுநாள் வள்ளம் இறங்கியது.

அடுத்த வெள்ளிக்குள் அந்த இடமும் பழையபடி நனைக்காமல் போய்விட்டது. தூளைத் திரும்ப அள்ளச் சொல்லிக் கம்பனிக்கு எழுதியதற்கு, சுத்தமாக்கிய கடலில் அரப்பு ஊற்றுவது மாசுபடுத்தல் என்று பதில் வந்தது. இப்போது வாராவாரம் மயிலிட்டிப் பெண்கள் கடலை முழுக வார்க்கிறார்கள். எவ்வளவு அவிக்கிறார்களோ அவ்வளவு இடம் நனைக்கும். கடல் ஆண்பிள்ளை, ஆண்கள் எண்ணெய் முழுகும் சனிக்கிழமைதான் வார்க்க வேண்டும் என்று ஆண்கள் கொஞ்சநாள் வாதாடிப் பார்த்தார்கள். அப்படியெண்டால் நீங்களே அவியுங்கோ என்று பெண்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமையே நிலைத்துவிட்டது.