இரண்டாவது கேள்வி

தருமன் இன்டர்வியூவுக்குத் தயாரானது பழவேற்காடு ஏரியில், முழங்கால் தண்ணீரில்.

கரையிலிருந்து நடந்து போகும்போதே மனைவி வளர்மதி ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவாள். பிறகு பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் மண்டியிடுவாள். கையால் இறால் பிடிப்பவர்களுக்கு இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போட பறி மோவாய்க்குக் கீழே மிதக்க வேண்டும். அதனால் அங்கே யாரும் பேசுவதில்லை. தருமன் மட்டும் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பதில் சொல்வான். பதில் சரியென்றால் தலையசைப்பாள். தப்பென்றால் முகத்தில் தண்ணீர் வந்து விழும்.

"பி.எஸ்சி. படிச்ச ஆளு, பதில் சொல்லத் தெரில. என்னக் கட்டிக்க மட்டும் தெரிஞ்சுது," என்று கரையேறியதும் சிரிப்பாள்.

இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு நாலு பதில் சொல்லி நாலு முறை நனைந்தான். ஐந்தாவது பதிலுக்குத்தான் அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இத்தையே சொல்லு. மாத்தாத."

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் அவள் இல்லை. இன்டர்வியூ கடிதம் மாசியில் வந்தது.

அதற்குள் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தருமன் ஒரு நாளும் ஏரியில் இறங்கவில்லை. கரை வரை போவான், கால் நனையுமுன் திரும்பிவிடுவான். மாமனார் துளசிங்கம் பிடித்து வருவதில்தான் இரண்டு பேருக்கும் சோறு. அவருக்கு அறுபத்திரண்டு வயது. எத்தனை நாளைக்கு? வேலை கிடைக்காவிட்டால் தருமன் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில். இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. தரம் பார்க்கும் பிரிவு. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மேலாளர் விஜயராகவன், பிரிவுத் தலைவி சரோஜா.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. இறாலின் தலை ஏன் கறுக்கிறது, ஓடு இளகியிருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். பதில்கள் தாமாக வந்தன. விஜயராகவன் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும்?" என்றார் சரோஜா.

"என் மனைவி கையால இறால் பிடிக்கிறாங்க மேடம். தினம் ஆறு மணி நேரம் தண்ணிலயே இருக்காங்க. விரல் எல்லாம் வெட்டு. எனக்கு ஒரு சம்பளம் வந்தா அவங்கள கரையேத்திடுவேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையசைப்புக்காகக் காத்திருந்தான்.

சரோஜாவின் முகம் இளகியது. "இன்னிக்கும் போயிருக்காங்களா? நீங்க இங்க வந்திருக்கீங்களே, என்ன சொன்னாங்க?"

வளர்மதி ஒரு கேள்விக்குமேல் கேட்டதே இல்லை. வாயில் பறி இருக்கும். ஒரு பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும் என்று அவனுக்கு யாரும் பழக்கவில்லை.

"இல்ல மேடம்," என்றான். "இறந்துட்டாங்க. மார்கழில."



விஜயராகவன் முன்னால் சாய்ந்தார். "அப்புறம் ஏம்பா இருக்காங்கன்னு சொன்னே?"

"ஏமாத்தணும்னு சொல்லல சார். அவங்க இருக்கும்போது தயார் பண்ண பதில். மாத்தாதன்னாங்க."

சரோஜா காகிதத்தைப் பார்த்தார். எதையும் படிக்கவில்லை என்று தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "சரி. இப்ப ஏன் வேணும்?"

இதற்குப் பதில் தயாரில்லை. தருமன் மேசையின் விளிம்பைப் பார்த்தான்.

"என்னால தண்ணில கால் வைக்க முடியல மேடம். எங்களுக்குத் தண்ணிய விட்டா வேற பொழப்பு இல்ல. அதான்."

வெளியே நிற்கச் சொன்னார்கள். கால்மணி நேரம் கழித்து விஜயராகவனே வெளியே வந்தார். திங்கட்கிழமை சேரச் சொன்னார். தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரயில்வே பிளாட்பாரத்தில் இருந்து துளசிங்கத்துக்கு போன் போட்டான்.

"கெட்சிதா?"

"கெட்சிது மாமா. திங்கக்கெழம வரச் சொன்னாங்க."

"நல்லாருடா. இன்னா கேட்டாங்க?"

"ஏன் இந்த வேலைனு."

"இன்னா சொன்ன?"

"தண்ணில எறங்க முடியலன்னேன்."

அந்தப் பக்கம் ஏரிக் காற்று இரைந்தது.

"எனக்கும்தான்டா முடியல," என்றார் துளசிங்கம். "அவ கை வச்ச எடத்துலதான் நானும் கை வைக்கிறேன். தெனமும்."

தருமன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சரி, வச்சுடு. தண்ணி வத்துது, எறா பிடிக்க இதான் நேரம். எறங்கணும்."