பூட்ஸைக் கழற்றிய இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. என் வீட்டு வாசலில், சரியாக நடுவழியில் கிடக்கும் ஒரு ஜோடி பூட்ஸிலிருந்து வந்தது. அதற்காக வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பூட்ஸுக்குச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரர். புதுச் சாலை போடும் இடத்தில் மண் தோண்டும் பொக்லைன் ஓட்டுகிறார். அவருக்கு முன்னால் ஒரு பெண், உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு தரையைத் தடவிக்கொண்டே போவாள். பழைய சண்டையில் வெடிக்காமல் போன குண்டு ஏதாவது கிடந்தால் சொல்லவேண்டும். கிடைத்ததெல்லாம் கரண்டி, பூட்டு, பெல்ட் கொக்கி, அள்ள அள்ள பாட்டில் மூடி. அதனால் ‘மூடி மகாராணி’ என்று பேர். வைத்த புண்ணியவான் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார்.

2

‘மாலைச் சூரியன் சாய்ந்த வேளையில், மண்ணுக்குள்ளிருந்து தங்கக் காசுப் பானை ஒன்று...’

(இப்படி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். வாசித்துக் காட்டியதும் மகாராணி சிரித்தாள். “தங்கம் கிடைச்சிருந்தா நான் ஏங்க்கா இன்னும் வெயில்ல நிக்கிறேன்?”)

3

நடந்ததையே சொல்கிறேன். கருவி கத்தியது. இவர் வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

“இன்னொரு மூடி. தள்ளும்மா, வேலை கெடுது.”

“இது மூடி சத்தம் இல்லண்ணே.”

“அப்ப என் பூட்ஸுக்குக் கத்துது. முன்னாடி இரும்பு வச்சது.”

நியாயம்தான். ஒருமுறை அப்படி ஏமாந்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வேறொருத்தி கூச்சப்பட்டு விலகியிருப்பாள். இவள், “கழட்டித் தூரப் போடுங்க” என்றாள். நகர்ந்து நின்றாலே போதும். ஆனால் வீம்புக்காரரிடம் வீம்பாகத்தான் பேசவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

(அவர் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுத ஆசை. கேட்டால், “கால் சுட்டுச்சு” என்கிறார். பாத்திரத்தின் ஆழம் அவ்வளவுதான்.)

வெறுங்காலோடு ஜல்லியில் நின்றார். கருவி அப்போதும் கத்தியது. எல்லோரையும் விலக்கிவிட்டு, விவரம் தெரிந்தவர்கள் வந்து கையால் மண்ணை எடுத்தார்கள். பொக்லைனின் பல் இறங்கவேண்டிய இடத்தில் துருப்பிடித்த குண்டு.

4

இந்த மாதிரிக் கதையில் மாற்று முடிவுகள் தருவது வழக்கம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

‘அவர் பூட்ஸைக் கழற்றவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு,

(முடிக்கமாட்டேன். நீங்களும் முடிக்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.)

5

நன்றி சொல்லப் போனேன். “நீ மட்டும் இல்லன்னா...” அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

“விடுங்கக்கா. கதையில எனக்கு ஒண்ணுமே கிடைக்காத நாள் ஒண்ணு எழுதுங்க. போதும்.”

எழுதிவிட்டேன் தாயே. மகாராணி முன்னால் போகிறாள், கருவி கத்தவில்லை. பின்னால் இவர் வண்டி. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார், பூட்ஸைக் கழற்றி நடுவழியில் போடுகிறார், நான் தடுக்கி விழப்பார்க்கிறேன்.

திட்டலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.